பந்து கையை விட்டுப் போகும் அரை வினாடி: கூடைப்பந்து வீடியோ கேமில் நிஜமும் ஆடும் தோதும் – முழுமையான வழிகாட்டி

கூடைப்பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுபவரின் கையில் பாதி நேரம் பந்து இருப்பதில்லை. கையை விட்டுத் தரைக்குப் போகிறது, மோதி எழுகிறது, மறுபடி கைக்கு வருகிறது. அந்த இடைவெளியில் நம் மனம் மாறினாலும் பந்து தன் பாதையை மாற்றிக்கொள்ளாது. கும்பகோணத்தில் நான் படித்த பள்ளியின் சிமென்ட் கோர்ட்டில் ஏழு வருடம் பந்து தட்டியதில் என் உடம்பு முதலில் கற்றது இதைத்தான். வீடியோ கேமில் முதலில் காணாமல் போவதும் இதுதான்.

சென்ற கோடை விடுமுறைக்கு அக்கா மகன் மன்னார்குடியிலிருந்து வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். கன்சோலில் உட்கார்ந்தால் கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கை இடமும் வலமுமாக ஆட்டி ஆறு கிராஸ்ஓவரை (எதிராளியை ஏமாற்றப் பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தட்டி மாற்றுவது) மூச்சுவிடாமல் போடுவான். என் ஆட்டக்காரர் நிலைகுலைந்து நிற்பார், அவன் கூடையில் போட்டுவிடுவான். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் அவனைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போனேன். மூன்றாவது கிராஸ்ஓவரில் பந்து அவனுடைய இடது கால் பெருவிரலில் பட்டு, கோட்டைத் தாண்டி உருண்டு, மதிலோரத்து வாய்க்காலில் விழுந்தது. தண்ணீர் வராத மாதம் என்பதால் காய்ந்து கிடந்தது. இறங்கி எடுத்து வந்தவன், "மாமா, கேமில் வருவதெல்லாம் பொய்யா?" என்று கேட்டான்.

பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேமில் எது நிஜமாக இருக்க வேண்டும், எது இளகிக் கொடுக்க வேண்டும் என்பதைப் பிரித்துப் பார்க்க அந்த விடுமுறை முழுவதும் இருவரும் உட்கார்ந்தோம். அப்போது கண்டுகொண்டதைத்தான் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் பெயரில் வரும் என்பிஏ 2கே போன்ற பெரிய கேம் ஆடுபவருக்கும் ஃபோனில் சின்ன கேம் ஆடுபவருக்கும் இது பயன்படும். ஸ்லோமோஷன் எடுக்கும் ஒரு ஃபோன், ஒரு நிஜப் பந்து, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியர்வைத் துளியும் ஜெர்சியின் மடிப்பும் நிஜமாக இருப்பதால் பந்தாட்டம் நிஜமாகிவிடாது. பந்து கையை விட்டபின் ஆட்டக்காரர் அதற்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும். கை விடும்வரை அவர் நினைத்ததெல்லாம் உடனே நடக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் கேம் எளிதாக்கிக் கொடுக்கலாம். அது குற்றமே இல்லை.

முதல் படி: நிஜப் பந்தை அளந்து பாருங்கள்

ஏழாம் எண் பந்து சுமார் 75 சென்டிமீட்டர் சுற்றளவும் 600 கிராம் அளவில் எடையும் கொண்டது. பெண்கள் ஆடும் ஆறாம் எண் பந்து சற்றுச் சிறியது. எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து அதைச் சும்மா விட்டால் தரையைத் தொட 0.45 வினாடி ஆகும். பந்து புதியதானாலும் பழையதானாலும் இந்தக் கணக்கு மாறாது. புவியீர்ப்பின் கணக்கு அது. வினாடிக்கு 60 படங்கள் ஓடும் கேமில் இது 27 படங்கள்.

கையால் அழுத்தித் தட்டும்போது இறங்கும் நேரம் குறையும். ஆனால் மோதலில் வேகத்தின் ஒரு பகுதி போய்விடுவதால் ஏறும் நேரம் கூடும். இடுப்பு உயரத்தில் சாதாரணமாகத் தட்டுவதை ஸ்லோமோஷனில் எடுத்து, விரல் நுனியை விட்ட படத்திலிருந்து மறுபடி விரலைத் தொட்ட படம் வரை எண்ணுங்கள். நான் எண்ணியபோது ஏறக்குறைய அரை வினாடி வந்தது. முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தித் தட்டினால் அது வெகுவாகக் குறைகிறது. கிராஸ்ஓவருக்கு முன் பந்தைத் தாழ்த்து என்று எங்கள் உடற்கல்வி ஆசிரியர் தினமும் கத்தியதற்குக் காரணம் எனக்கு அப்போது புரியவில்லை. தாழ்த்தினால் பந்து அனாதையாக இருக்கும் நேரம் குறைகிறது; எதிராளியின் கை நுழைய இடமில்லாமல் போகிறது. இந்த எண்ணிக்கையை நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் டிவியைப் படம்பிடித்து எண்ணும்போது ஒப்பிட இது வேண்டும்.

அதே வீடியோவில் இடுப்பையும் தோளையும் கவனியுங்கள். நல்ல கிராஸ்ஓவரில் பந்துக்கு முன்னால் உடம்பு போகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள்: மேலே எவ்வளவு சாய்ந்தாலும் அடிப்பாகத்தின் கனம் அதைப் பிடித்து நிறுத்துகிறது. தட்டுபவர் தோளை வலப்பக்கம் சாய்த்துக் காட்டுகிறார். எடையோ இரண்டு பாதங்களுக்கு நடுவே இருக்கிறது. தோளை நம்பிய எதிராளி தன் எடையையும் சேர்த்து அந்தப் பக்கம் கொண்டுபோகிறார். அவர் திரும்பி வர ஆகும் நேரம்தான் தட்டுபவர் சம்பாதித்த நேரம். கேமில் உங்கள் ஆட்டக்காரர் சாயும்போது பாதமும் அந்தக் கனத்தோடு ஊன்றியிருக்கிறதா என்று பார்க்க இந்தப் பொம்மை உதவும்.

இரண்டாம் படி: கேம் இதை எப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1978-இல் அட்டாரி வெளியிட்ட கூடைப்பந்து கேமில் பந்து தானாகவே துள்ளிக்கொண்டு ஆட்டக்காரரின் கூடவே வரும். அதில் பந்தைக் கையாளும் திறமை என்று தனியாக ஒன்று கிடையாது. 1993-இல் வந்த என்பிஏ ஜாம் இருவர் எதிர் இருவர் ஆட்டம். எதிராளியைத் தள்ளிவிட்டால்கூட ஃபவுல் கிடையாது. பந்தைக் காப்பாற்றுவது, வேகத்தைக் கூட்டும் டர்போ பொத்தானின் வேலை. 2001-இல் வந்த என்பிஏ ஸ்ட்ரீட், டிரிபிள் (பந்து தட்டுதல்) வித்தைகளுக்கே புள்ளி கொடுத்துக் கொண்டாடியது. இவற்றை நிஜமில்லை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவை எதை வாக்குக் கொடுத்தனவோ அதை நிறைவேற்றின. நிஜம் என்று பெயர் வைத்துக்கொண்டு பந்தை ஒட்டவைக்கும் கேம்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இன்றைய பெரிய கேம்களில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பதிவுசெய்த அசைவு. நிஜ ஆட்டக்காரரின் உடலில் குறிகளை ஒட்டி, பல கேமராக்களால் அவருடைய அசைவைப் பதிவுசெய்து, சிறு துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்வார்கள். நீங்கள் ஸ்டிக்கைத் தட்டியதும் கேம் பொருத்தமான துண்டை எடுத்து ஓட்டுகிறது. பந்தும் அந்தத் துண்டுக்குள் எழுதிவைத்த பாதையில்தான் போகிறது. துண்டின் நடுவில் எந்த இடத்தில் வேறு துண்டுக்குத் தாவலாம் என்பதை வடிவமைப்பாளர் முடிவு செய்கிறார். வெளியேறும் வாசலை முன்னாலேயே வைத்தால் கை சொன்னபடி உடனே கேட்கும், ஆனால் பாதம் தரையில் வழுக்கும். பின்னால் தள்ளி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சேற்றில் நடப்பது போலக் கனக்கும். நிஜமா, தோதா என்ற வாக்குவாதம் எல்லாம் உண்மையில் இந்த வாசலை எங்கே வைப்பது என்பதைப் பற்றியதுதான்.

இரண்டாவது வழி, பந்தை இயற்பியல் விதிப்படி தனிப் பொருளாக விடுவது. கேட்பதற்கு இதுதான் நியாயம் போலத் தெரியும். 2010-இல் இஏ ஸ்போர்ட்ஸ், என்பிஏ எலைட் 11 என்ற கேமை ஏறக்குறைய இந்தத் திசையில் கொண்டுபோனது. ஆட்டக்காரரைப் பதிவுசெய்த அசைவுகளிலிருந்து விடுவித்து, நேரடியாக நம் கைக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். மாதிரிப் பதிப்பு வெளிவந்தபோது, ஒரு வீரர் கோர்ட்டின் நடுவில் இரு கைகளையும் விரித்தபடி சிலையாக நின்ற காட்சி உலகம் முழுவதும் பரவியது. அக்டோபரில் கடைக்கு வரவேண்டிய கேம் தள்ளிப்போய், நவம்பரில் ஒரேயடியாகக் கைவிடப்பட்டது. அதே நிறுவனம் 2013-இல் என்பிஏ லைவ் 14 கேமில் பவுன்ஸ்டெக் என்ற பெயரில், பந்து துள்ளுவதை மட்டும் இயற்பியலுக்கு விட்டு மறுபடி முயன்றது.

எலைட் 11 முயற்சியின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் ஒரு கோளாறான எண்ணம் இருந்தது. கையில் பந்து பிடித்திருப்பவருக்கு விரல் நுனியில் உணர்வு இருக்கிறது. பந்து ஒரு விரல்கடை நழுவினால் பார்க்காமலேயே திருத்திக்கொள்வார். கன்ட்ரோலர் பிடித்திருப்பவருக்கு அந்த உணர்வு கிடையாது. உணர்வைக் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால் அது நிஜமாகாது, தண்டனைதான் ஆகும். அதனால் விரல் செய்யும் திருத்தத்தைக் கேம் நமக்காகச் செய்துகொடுப்பது நியாயம். எந்தப் பக்கம் போவது, எப்போது போவது என்ற தீர்மானத்தை மட்டும் அது நம்மிடம் விட வேண்டும்.

மூன்றாம் படி: தாமதத்தை முதலில் ஒழியுங்கள்

ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். கடைமடைக்கு இன்னும் எத்தனையோ நாள். கடைமடையில் நிற்பவர், "அணையைத் திறக்கவே இல்லை" என்று நினைத்தால் அது அவர் தவறில்லை. நீங்கள் அழுத்திய பொத்தானும் அப்படித்தான் பல மதகுகளைத் தாண்டித் திரைக்கு வருகிறது: கன்ட்ரோலர், கன்சோல், கேம், டிவி, இணையத்தில் ஆடினால் தொலைவிலுள்ள சர்வர். கேம் கனமாக இருக்கிறது என்று திட்டுபவர்களில் பலர் உண்மையில் டிவியைத்தான் திட்ட வேண்டும்.

டிவியின் பட அமைப்பில் கேம் மோடு என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். அது இல்லாத நிலையில் படத்தை மெருகேற்றும் வேலைகளால் மட்டும் 100 மில்லிவினாடியைத் தாண்டித் தாமதம் ஆவதும் உண்டு. 60 படக் கணக்கில் அது ஆறு படங்கள். கிராஸ்ஓவர் முழுவதுமே இருபது படங்களுக்குள் முடிந்துவிடும் என்னும்போது ஆறு படம் சின்ன விஷயம் இல்லை. கன்ட்ரோலரை ஒயரில் இணைத்தும், இணைக்காமலும் ஆடிப் பாருங்கள். ஸ்டிக் பழையதாகித் தளர்ந்திருந்தால் அமைப்பில் டெட் ஸோன் (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கேம் பொருட்படுத்தாத எல்லை) அளவைச் சரிசெய்யுங்கள். இனி வரும் சோதனைகள் அனைத்தையும் இணையம் இல்லாமல், பயிற்சி மோடில் மட்டும் செய்யுங்கள்.

நான்காம் படி: நான்கு சோதனைகள்

ஃபோனை டிவிக்கு முன்னால் நிறுத்தி, திரையும் உங்கள் கட்டைவிரலும் சேர்ந்து தெரியும்படி வைத்து, ஸ்லோமோஷனில் பதிவுசெய்யுங்கள். நானும் மருமகனும் தலையணைகளை அடுக்கி அதன்மேல் ஃபோனைச் சாய்த்தோம். அவன் ஸ்டிக்கைத் தட்டுவான், நான் எண்ணுவேன்.

முதல் சோதனை, மனம் மாறும் சோதனை. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஒதுக்கலாம். வலது கையில் பந்து இருக்கும்போது இடப்பக்கம் கிராஸ்ஓவர் கொடுத்து, உடனே ஷாட் பொத்தானை அழுத்துங்கள். பிறகு, கொஞ்சம் தாமதித்து அழுத்துங்கள். பிறகு, இன்னும் தாமதித்து. ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று எழுதுங்கள். பந்து இன்னும் கையில் இருக்கும்போது அழுத்திய ஷாட்டைக் கேம் ஏற்றுக்கொள்ள வேண்டும். பந்து கையை விட்டுப் போன பிறகு அழுத்தினால், அது மறு கைக்கு வந்து சேர்ந்த பின்னரே ஷாட் தொடங்க வேண்டும். பந்து தரைக்குப் பக்கத்தில் இருக்கும்போதே ஷாட் தொடங்கி, பந்து சட்டென்று கைக்குத் தாவி ஏறினால், கேம் உங்களுக்குச் செல்லம் கொடுக்கிறது. கையில் இருக்கும்போது அழுத்தியும் கிராஸ்ஓவர் முழுவதையும் ஓட்டி முடித்த பிறகுதான் ஷாட் என்றால், கேம் உங்கள் பேச்சைக் கேட்பதில்லை. இரண்டாவது குறை முதலாவதைவிடப் பெரியது என்பது என் கருத்து. தாவி ஏறும் பந்தைக் கண் மன்னித்துவிடும். கேட்காத கையை விரல் மன்னிக்காது.

இரண்டாவது, பாதச் சோதனை. முழு வேகத்தில் ஓடிக்கொண்டே திசையை நேரெதிராக மாற்றுங்கள். பாதம் ஊன்றி, முழங்கால் மடங்கி, பிறகு திரும்பினால் நல்லது. பனிக்கட்டியில் சறுக்குவது போலத் திரும்பினால், அந்தக் கேமில் தடுப்பாட்டம் ஆடுவது வீண். தட்டுபவருக்கு உடல் எடை இல்லாதபோது அவரை எந்தத் திசையில் எதிர்பார்ப்பது?

மூன்றாவது, தொடர் சோதனை. மருமகன் செய்த அதே வேலை: ஆறு கிராஸ்ஓவரை இடைவெளி இல்லாமல் போடுங்கள். கடைசிக் கிராஸ்ஓவர் முதலாவதைப் போலவே வேகமாகவும் சுத்தமாகவும் இருந்தால் இந்தக் கேமில் ஸ்டிக்கை ஆட்டுபவர்தான் ராஜா. இணைய ஆட்டங்களில் ஆண்டுக்கணக்காக ஓயாத புகார் இதுதான். 2022-இல் வந்த என்பிஏ 2கே23 இதற்கு ஒரு வழி கண்டது: ஒவ்வொரு முறை பந்து கைக்கு வரும்போதும் மூன்று அட்ரினலின் பூஸ்ட் கிடைக்கும், பாய்ச்சலான ஒவ்வொரு அசைவுக்கும் ஒன்று கழியும், தீர்ந்தபின் ஆட்டக்காரர் தளர்ந்துவிடுவார். மூன்று என்ற கணக்கு நிஜத்தில் எங்கும் கிடையாது. ஆனாலும் அதை நான் வரவேற்கிறேன். களைப்பு என்ற நிஜத்தைக் கண்ணால் எண்ணக்கூடியதாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கு தெரிவதால்தான் எதிராளியும் காத்திருந்து பிடிக்க முடிகிறது.

நான்காவது, கைச் சோதனை. இன்னொரு கன்ட்ரோலரில் ஒருவரை உட்காரவைத்து, பந்து பறிக்கும் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். பந்து அவருடைய கையின் பாதையில் இருக்கும்போது மட்டும் பறிபோகிறதா, அல்லது கை எங்கோ இருக்கப் பந்து தானாக நழுவுகிறதா என்று படம் படமாகப் பாருங்கள். கை படாமல் பந்து போனால் அது கேம் உருட்டிய தாயம். திறமைக்கு அங்கே வேலை இல்லை.

ஐந்தாம் படி: ஸ்லைடர்களைத் தொடும் வரிசை

2கே போன்ற கேம்களின் அமைப்பில், ஆட்டத்தின் தன்மையைக் கூட்டிக் குறைக்க 0 முதல் 100 வரை நகரும் ஸ்லைடர்கள் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு பெயர் கொஞ்சம் மாறும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். ஒன்றை ஐந்து புள்ளி நகர்த்தி, ஒரு கால்பகுதி ஆடி, எழுதிவைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

முதலில் கேம் ஸ்பீடு. கொஞ்சம் குறைத்தாலே பந்து கையை விட்டுப் போவதும் வருவதும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். முதல் படியில் நீங்கள் எண்ணிய அரை வினாடிக்குப் பக்கத்தில் வரும்வரை குறைத்துப் பாருங்கள். பிறகு ஆக்சலரேஷன் (வேகம் பிடித்தல்), பாதச் சோதனையில் சறுக்கல் தெரிந்திருந்தால் இதைக் குறைப்பது உதவும். அடுத்தது ஸ்டாமினா (களைப்பைத் தாங்கும் சக்தி). தொடர் சோதனையில் ஆறாவது கிராஸ்ஓவரும் புதிதாக இருந்தால் இதைத் தாழ்த்துங்கள்.

பால் ஹேண்ட்லிங் (பந்தைக் கையாளுதல்) ஸ்லைடரையும் ஸ்டீல் சக்சஸ் (பந்து பறிப்பு பலித்தல்) ஸ்லைடரையும் கடைசியில்தான் தொட வேண்டும். நிஜம் வேண்டும் என்ற ஆவலில் பலர் முதலிலேயே ஸ்டீலை ஏற்றிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பந்து அடிக்கடி பறிபோயிற்று, புள்ளி குறைந்தது, பார்க்க நிஜ ஆட்டம் போலவே இருந்தது. ஆனால் ஏன் பறிபோயிற்று என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை, மருமகனிடமும் இல்லை. அவன் டிரிபிள் செய்வதையே விட்டுவிட்டு, பந்து வந்ததும் பாஸ் கொடுக்க ஆரம்பித்தான். தவறு நடந்தால் அதன் காரணம் ஆடியவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஸ்டீலை ஏற்றினால் ரீச்-இன் ஃபவுலையும் (கை நீட்டிப் பறிக்கும்போது நேரும் தவறு) கூடவே ஏற்றுங்கள். கையை வீசுபவருக்கும் அப்போது பயம் இருக்கும்.

இத்தனைக்கும் முன்னால், கணினி எவ்வளவு கடினமாக ஆட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கடின அளவு ஒன்று இருக்கிறது. கேம் உங்கள் பொத்தானை அழுத்திய கணமே அறியும். அதற்குப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தேவையில்லை. நிஜத் தடுப்பாட்டக்காரருக்கோ கண் பார்த்து உடல் அசைய ஏறக்குறைய கால் வினாடி வேண்டும். கணினி ஆட்டக்காரருக்கும் அந்தக் கால் வினாடியைக் கொடுத்து, தெரிந்ததைத் தெரியாதது போல ஆடவைப்பது வடிவமைப்பாளரின் வேலை. மிகக் கடினமான அளவில் இந்தத் தாமதம் குறைந்துவிட்டது போலத் தோன்றும். உங்கள் ஏமாற்று எதற்கும் அவர் ஏமாறமாட்டார். நான் நடு அளவில் வைத்துவிட்டு ஸ்லைடர்களால் கடினமாக்குவேன்.

ஆறாம் படி: விரலுக்குப் பயிற்சி

பெரிய நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பால் ஹேண்டில் புள்ளி எழுபதுகளில் இருக்கும் ஒருவரை எடுங்கள். 95-க்கு மேல் உள்ளவர் உங்கள் தவறுகளை மறைத்துவிடுவார். டர்போ பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். முதல் வாரம் நடைவேகம் போதும்.

பெரும்பாலான பதிப்புகளில் வலது ஸ்டிக்கைப் பந்துள்ள கைப்பக்கம் தட்டினால் ஹெசிடேஷன் (தயங்குவது போலக் காட்டுவது), எதிர்ப்பக்கம் மேல்சாய்வாகத் தட்டினால் கிராஸ்ஓவர், கீழ்ச்சாய்வாகத் தட்டினால் முதுகுக்குப் பின்னால், சுழற்றினால் ஸ்பின். தட்டி விடுவதும் தட்டிப் பிடித்துக்கொண்டிருப்பதும் வேறு வேறு. கிராஸ்ஓவரில் தொடங்க எல்லோருக்கும் ஆசை. நான் ஹெசிடேஷனில் தொடங்கச் சொல்வேன். அதில் பந்து கை மாறுவதில்லை. மாறுவது நடை மட்டும்.

நடை என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். கோவில் திருவிழாவில் தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். நீங்கள் தட்டிக்கொண்டு வருவது தகதிமி, தகதிமி. எதிராளியின் கால் அந்தக் கணக்குக்குப் பழகிவிடுகிறது. ஒரு இடத்தில் அடிக்காமல் விட்டு, அடுத்ததைத் தகிட என்று எடுக்கிறீர்கள். எதிராளியின் கால் இன்னும் நான்கில் இருக்கிறது, நீங்கள் மூன்றில் போய்விட்டீர்கள். ஒரே வேகத்தில் ஆறு கிராஸ்ஓவர் போடுவது ஒரே சொல்லை ஆறு முறை வாசிப்பது போல. நிஜத்தில் அதற்கு யாரும் ஏமாறமாட்டார்கள். மருமகனுக்கு இதை வாயால் சொல்லிக்கொண்டே ஆடப் பழக்கினேன். மூன்றாம் நாள் அவன் வாய் நின்றுவிட்டது, விரல் சொல்லிக்கொண்டிருந்தது.

1997 மார்ச்சில் என்பிஏ வீரர் ஆலன் ஐவர்சன், மைக்கேல் ஜோர்டனை ஏமாற்றிய அந்த ஆட்டத் துணுக்கைத் தேடிப் பாருங்கள். முதலில் ஒரு சின்ன கிராஸ்ஓவர். ஜோர்டன் அசைகிறாரா என்ற சோதனை அது. அசைந்தார். ஒரு இடைவெளி விட்டு, பெரிய கிராஸ்ஓவர், பிறகு ஷாட். மொத்தம் இரண்டே அசைவு. 1999-இல் வந்த முதல் என்பிஏ 2கே கேமின் அட்டையில் இருப்பவரும் ஐவர்சனே. இந்த இரண்டு அசைவை, அந்த இடைவெளியோடு, உங்கள் கேமில் செய்து பாருங்கள். இடைவெளி இருந்தால் பலிக்கிறது, இடைவெளி இல்லாவிட்டால் பலிக்கவில்லை என்றால், நீங்கள் வைத்திருப்பது நல்ல கேம்.

இங்கே ஓர் எச்சரிக்கை, கோர்ட்டிலும் ஆடும் பிள்ளைகளுக்காக. என்பிஏ வீரர்களின் ஹெசிடேஷனில் கை பலமுறை பந்தின் அடிப்பக்கம் போய்விடும். கேம் அதை அப்படியே பதிவுசெய்து காட்டுகிறது, விசிலும் வராது. நம் ஊர்ப் பள்ளிப் போட்டியில் அதே அசைவுக்கு நடுவர் கேரி (பந்தைத் தட்டாமல் கையில் ஏந்திய தவறு) என்று ஊதிவிடுவார். கேமில் பார்த்த கையை அப்படியே கோர்ட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். கணக்கை மட்டும் கொண்டுபோங்கள்.

ஏழாம் படி: இருவர் ஆடும்போது

எந்த ஸ்லைடரும் அடைக்காத ஓட்டையை வீட்டு விதி அடைக்கும். எங்கள் வீட்டில் மூன்று விதிகள்: ஒரு முறை பந்து கிடைத்தால் வித்தை அசைவு மூன்றுக்கு மேல் கூடாது, இருவரும் சமமான அணி எடுக்க வேண்டும், பறிக்கும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பவர் அடுத்த பந்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

சொந்தமாகக் கேம் செய்பவர்களுக்கு

கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஃபோனுக்குச் சின்னச் சின்ன கேம்கள் செய்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு வார்த்தை. பந்துக்கு இரண்டு நிலை மட்டும் வையுங்கள்: கையில், கைக்கு வெளியே. கையில் இருக்கும்போது எந்தக் கட்டளை வந்தாலும் உடனே நிறைவேற்றுங்கள். வெளியே இருக்கும்போது வரும் கட்டளையைத் தூக்கி எறியாதீர்கள். கடைசியாக வந்ததை நினைவில் வைத்து, பந்து கையைத் தொட்ட படத்திலேயே நிறைவேற்றுங்கள். அந்தக் காத்திருப்பு ஆடுபவருக்குப் பளுவாகத் தெரியாது, பந்தின் கனமாகத் தெரியும். ஃபோன் திரையில் விரலுக்குத் தடம் இல்லாததால், பந்து கைக்கு வரும் கணத்தில் சிறு அதிர்வும் துள்ளும் ஓசையும் கட்டாயம் கொடுங்கள். கண் எதிராளியைப் பார்க்க, காது பந்தைப் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக, சேமித்து வைத்தல்

ஸ்லைடர்கள் ஒத்துவந்ததும் அந்தத் தொகுப்புக்குப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். ஒவ்வொரு எண்ணையும் நோட்டிலும் எழுதுங்கள். இந்தக் கேம்கள் இணையம் வழியாக அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன. ஒரு புதுப்பிப்பில் டிரிபிளின் வேகமோ, வெளியேறும் வாசலோ சத்தமில்லாமல் மாறிவிடலாம். முதல் நாள் எடுத்த ஸ்லோமோஷன் வீடியோக்களை அழிக்காதீர்கள். புதுப்பிப்பு வந்த அன்று மனம் மாறும் சோதனையையும் தொடர் சோதனையையும் மட்டும் மறுபடி எடுத்து, பழைய வீடியோவோடு படம் படமாக ஒப்பிடுங்கள். எண்ணிக்கை இரண்டு மூன்று படங்களுக்கு மேல் வேறுபட்டால் கேம் ஸ்பீடிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.